பழைய சவரக்கத்தி: கை மயிரை வெட்டுது, கன்னத்தில இழுக்குது. பிழை எங்க?

மொட்டைக்கத்தி எழுதியது:

வணக்கம். கையில இருக்கிறது மடிப்புச் சவரக்கத்தி, பழசு. அலகுக்கும் வாலுக்கும் இடையில சோலிங்கன் எண்டு அடிச்சிருக்கு. முதுகில இருந்து வாய் (வெட்டுற விளிம்பு) வரை 16 மில்லிமீற்றர், நுனி வட்டம், அலகின்ர ரெண்டு பக்கமும் நடுவில நல்லாக் குழிஞ்சிருக்கு. 1000, 4000, 8000 எண்டு மூண்டு தண்ணிக்கல்லில தீட்டினது (இலக்கம் கூடக் கூடக் கல்லு நைசு). பிறகு தோல்வாரில 30 தரம். கை மயிரை வடிவா வெட்டுது. கன்னத்தில வைச்சால் பிடுங்கிற மாதிரி இழுக்குது. கழுத்தில எரிவும் சிவப்புப் புள்ளியும்.

இன்னும் ரெண்டு விசயம். சவர்க்கார நுரை ரெண்டு நிமிசத்தில தண்ணியாப் போகுது (கிணத்துத் தண்ணி, யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம்). குதிப் பக்கத்தில (பிடிக்குக் கிட்ட வாய் தொடங்கிற இடம்) வாய் உடைஞ்சு சின்னதா ரெண்டு பல்லு விழுந்திருக்கு, தேங்காயெண்ணெய் பூசி மடிச்சு வைச்சாலும் அலகில திருப்பித் திருப்பிக் கறள் வருது.

பிழை கத்தியிலயா, கல்லிலயா, கையிலயா?

சாணைக்கல் எழுதியது:

முதல்ல உந்தக் கை மயிர்ச் சோதனையை மறவுங்கோ. 1000 கல்லில இருந்து எடுத்த வாயே கை மயிரை வெட்டும். தாடி மயிர் அப்பிடியில்லை, தடிப்பு. அதோட முகத்தில கத்தியைத் தூக்கித்தான் பிடிக்கிறம், தோலுக்குச் சமாந்தரமா இல்லை. ஒரு தலைமயிரை விரலில பிடிச்சுத் தொங்கவிட்டு வாயில மெல்லத் தொடுங்கோ. இழுக்காமல், சத்தமில்லாமல் ரெண்டாப் போனால் கூர் வந்திட்டுது. மயிர் மடிஞ்சு வழுக்கினால் வரேல்லை. குதி, நடு, நுனி மூண்டு இடத்திலயும் பாருங்கோ. அநேகமா நடுவில மட்டும் வெட்டும்.

நீங்கள் சொல்லுறதைப் பார்த்தால் 1000 கல்லை அரைகுறையா விட்டிட்டு மேல போயிட்டியள். எல்லாரும் விடுற பிழை அதுதான். ரெண்டு பக்கச் சரிவும் ஒரு கோட்டில சந்திக்க முதல் 8000இல எத்தினை தரம் உரஞ்சினாலும் சரிவு மினுங்குமே தவிர வாய் கூராகாது. பாக்கிறதுக்கு லேசான வழி இருக்கு. கறுத்த மார்க்கர் பேனையால வாயோரம் ரெண்டு பக்கமும் பூசிப்போட்டு, 1000 கல்லில ரெண்டே ரெண்டு தரம் இழுத்துப் பாருங்கோ. மை முதுகுப் பக்கம் போய், வாயோரத்தில ஒரு கறுத்த நூல் மாதிரி நிண்டால் கல்லு வாயைத் தொடவே இல்லை. பிறகு வாயை மேல பார்க்கப் பிடிச்சு, நல்ல வெளிச்சத்தில நேரே பாருங்கோ. கூர் வந்த வாய் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் பொட்டு மினுங்கிற இடமெல்லாம் மொட்டை. கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகை செய்யிற பத்தர்மார் கண்ணில வைச்சுப் பாக்கிற 10 மடங்கு கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லம், பல்லு எல்லாம் தெரியும்.

குதியில விழுந்த பல்லு தீட்டியும் போகாததுக்கும் அங்க கூர் வராததுக்கும் ஒரே காரணமா இருக்கலாம். அலகு முடிஞ்சு கழுத்துத் தொடங்கிற இடத்தில ஒரு தடிச்ச வரம்பு இருக்கும். அது கல்லுக்கு மேல ஏறினால் குதிப் பக்கம் வாய் தூக்கிக்கொண்டு நிக்கும். கல்லின்ர விளிம்புக்கு வெளியால அந்த வரம்பை விட்டிட்டு, குதியை முன்னுக்கும் நுனியைக் கொஞ்சம் பின்னுக்குமாச் சரிச்சு இழுக்க வேணும்.

இனி வேலை. முதல் கல்லைச் சமப்படுத்துங்கோ. கல்லு மேல பென்சிலால கட்டம் கீறி, தடிச்ச கண்ணாடியில 320 அரத்தாளை நனைச்சு ஒட்டி, கோடு முழுக்கப் போகுமட்டும் உரஞ்சுங்கோ. நடு குழிஞ்ச கல்லில சவரக்கத்தி தீட்டேலாது. முதுகில ஒரு சுத்து கறுத்த இன்சுலேசன் ரேப் ஒட்டலாம், முதுகு தேயாது. ஒட்டினால் எல்லாக் கல்லிலயும் ஒட்ட வேணும், ஒரு கல்லுக்குப் புது ரேப் ஒண்டு. இடையில கழட்டினால் கோணம் மாறி, முதல்ல இருந்து தொடங்க வேண்டி வரும்.

1000இல முதுகும் வாயும் ஒண்டாக் கல்லில படுத்திருக்க, ஒரு பக்கம் 20 சின்ன வட்டம், மற்றப் பக்கம் 20, பிறகு வாய் முன்னுக்குப் போற மாதிரி 10 இழுவை. பார். திருப்பிச் செய். பல்லு போகுமட்டும் உதுதான். அரை மணித்தியாலமும் எடுக்கும், ரெண்டு மணித்தியாலமும் எடுக்கும். கெதியா முடிக்கிறதுக்கு முதுகைத் தூக்கிப் பிடிச்சுத் தீட்டினால் அதோட கத்தி கெட்டுது. 4000இல பக்கத்துக்கு 30, 40 இழுவை, கடைசிப் பத்தும் அமத்தாமல். 8000இல அலகின்ர சொந்தப் பாரம் மட்டும், 40. 8000ஓட முகம் வழிக்கலாம், ஆனா மெல்லிசா ஒரு உறைப்பு இருக்கும். 12000 கல்லு கிடைச்சால் நல்லம். இல்லாட்டி அரை மைக்ரோன் குரோமியம் ஒக்சைட், அந்தப் பச்சைப் பசை, சமமான பலகையில ஒட்டின தோலில பூசிப் 10 தரம். நாளாந்தம் பாவிக்கிற தோல்வாரில அதைப் பூசிப்போடாதேங்கோ.

கடைசியா, மின்சாரச் சாணையில குடுக்கிற யோசனை இருந்தால் விடுங்கோ. குழிச்ச அலகின்ர வாயோரம் கடதாசி மாதிரி. ஒரு செக்கனில சூடாகி நீலம் பாரிச்சிடும். நீலம் பாரிச்ச உருக்கு பதம் இழந்தது, பிறகு கூர் நிக்காது.

அரைபிளேட் எழுதியது:

இவ்வளவும் ஒரு தாடி வழிக்கவா? பிளேட் மாத்திற சவரக்கத்தி ஒண்டு வாங்கி, இரட்டைப் பக்கப் பிளேட்டை உறையோட நடுவில முறிச்சு அரைவாசியைப் போட்டால் முடிஞ்சுது. கல்லும் வேண்டாம், வாரும் வேண்டாம். சலூனிலயும் இப்ப அதுதானே. இரத்தத்தால தொத்திற ஹெபடைற்றிஸ் பி வைரஸ் காய்ஞ்ச இடத்தில 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். ஆளுக்காள் ஒரே அலகைப் பாவிக்கிற காலம் போனது அதாலதான்.

சாணைக்கல் எழுதியது:

சலூனுக்கு நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி. வீட்டில ஒருத்தர் மட்டும் பாவிக்கிற கத்திக்கு அந்தக் கணக்கு இல்லை. அதோட அரைப் பிளேட்டைப் பழகிறவைக்கு லேசு எண்டு சொல்லாதேங்கோ. அதுக்குப் பாரம் இல்லை, அதால கை தானா அமத்தும். ரெண்டு மூலையும் ஊசி மாதிரி. வட்ட நுனி உள்ள பழைய கத்தி ஒரு பிழையைப் பொறுக்கும், உது பொறுக்காது. போடுறதெண்டால் பிளேட்டின்ர வாய் பிடியில இருந்து ரெண்டு அந்தத்திலயும் ஒரே அளவு வெளியால நிக்குதோ எண்டு பாருங்கோ. ஒரு பக்கம் மில்லிமீற்றரில பாதி கூடினாலும் வெட்டும்.

கிணத்தடி எழுதியது:

நுரை நிற்காததற்குக் கத்தியோ கையோ காரணம் அல்ல, தண்ணீர்தான். கோண்டாவில் உட்பட வலிகாமம் முழுவதும் நாம் இறைப்பது சுண்ணாம்புக் கற்படுகையில் தேங்கி நிற்கும் நீர். அதில் கரைந்திருக்கும் கல்சியம் சவர்க்காரத்தின் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பொருளாகிவிடும். வாளி விளிம்பில் படியும் அதே அழுக்குத்தான் உங்கள் கன்னத்தில் நுரை மாதிரி நிற்கிறது. பார்வைக்கு வெள்ளை, வழுக்கல் இல்லை. கத்தி இழுப்பதில் ஒரு பங்கு இதற்கும் உண்டு.

நுரைக்கும் பிரஷ் ஊறவைப்பதற்கும் 300 மில்லிலீற்றர் தண்ணீர் போதும். அந்த 300 மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால் சரி, முகம் கழுவக் கிணற்று நீரே இருக்கட்டும். மாரியில் பிடித்து மூடி வைத்த மழைநீர் முதல் தெரிவு. அது இல்லாவிட்டால் கிணற்று நீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆற விட்டு, அடியில் வெள்ளைப் படிவு இறங்கிய பிறகு மேல் தண்ணீரை மட்டும் வார்த்து எடுங்கள். கேத்தலின் அடியில் காறையாகப் பிடிப்பது எதுவோ அதுதான் இறங்குகிறது. கரையோரச் சவர் தண்ணீருக்கு இந்த வழி உதவாது. கொதிக்கக் கொதிக்க உப்பு செறியுமே தவிரக் குறையாது. அங்கே குடிக்க வாங்கும் வடிகட்டிய போத்தல் தண்ணீரைப் பாவிக்கலாம்.

சவர்க்காரத்தின் அளவும் முக்கியம். கல்சியம் கூடிய இப்படியான வன்னீரில் முதலில் போடும் சவர்க்காரம் கல்சியத்துக்கே தீனியாகிறது. ஈரப் பிரஷை சவரச் சவர்க்காரத்தின் மேல் 10 செக்கன் சுழற்றினால் காணாது, 40 செக்கன் சுழற்றுங்கள். பிறகு கோப்பையில் ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தண்ணீர் விட்டு அடியுங்கள். குமிழ் கண்ணுக்குத் தெரியாமல், தயிர் போலப் பளபளப்பாக வரும்வரை. குளிக்கிற சவர்க்காரம் இதற்குச் சரிவராது. சவரச் சவர்க்காரத்தில் ஸ்ரெயரிக் அமிலமும் பொற்றாசியமும் கூட, நுரை நிற்பது அவற்றால்தான்.

ஒரு சின்ன விடயம், கேட்டால் சிரிப்பீர்கள்: ஃபானை நிறுத்துங்கள். நம்மூர் வெயிலில் ஃபான் காற்றுக்கு ஒரு நிமிடத்தில் நுரை காய்ந்து தோலில் ஒட்டிவிடும்.

வடலி எழுதியது:

கறளைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. கத்தியின்ர பிடி எதில செய்தது? கறுத்தக் கொம்பா, எலும்பு மாதிரியா, இல்லாட்டி வெளிச்சம் ஊடுருவிற மாதிரித் தேன் நிறமா? மடிச்சு வைச்சுக் கொஞ்ச நேரத்தால திறந்து மணந்து பாருங்கோ. கறள் எந்த இடத்தில வருது எண்டும் சொல்லுங்கோ.

மொட்டைக்கத்தி எழுதியது:

தேன் நிறம், கறுத்தப் புள்ளி போட்டது. வெளிச்சத்துக்குப் பிடிச்சால் ஊடாகத் தெரியுது. மணந்து பார்த்தால் கற்பூர மணம், அதோட புளிச்ச மாதிரி ஒரு காரமும் இருக்கு. பிடிக்குள்ள மறையிற பாகம் முழுக்கக் கறள், வால் பக்கம் சுத்தம்.

வடலி எழுதியது:

அப்ப உது செலுலோயிட். கற்பூரம் போட்டுத்தான் அதைச் செய்யிறது, மணம் அதால. புளிச்ச காரம் வந்தால் அது சிதையத் தொடங்கீட்டுது எண்டு அர்த்தம். சிதையேக்க வெளிவாற அமிலப் புகை, மடிச்ச அலகைச் சுத்தி அடைஞ்சு நிக்கும். வால் வெளியால நிக்கிறதால தப்பீட்டுது. எண்ணெய் எவ்வளவு பூசினாலும் உந்தக் கறள் நிக்காது. பிடியை மாத்துறதுதான் ஒரே வழி. மாத்துமட்டும் கத்தியை மடிக்காமல் திறந்தபடி வையுங்கோ, வேற நல்ல கத்தியோட ஒரே பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ. செலுலோயிட் நெருப்புக்கு வெடிமருந்து மாதிரிப் பத்தும், அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், கழட்டினதைக் குப்பையோட கொளுத்தவும் வேண்டாம்.

தேங்காயெண்ணெயும் பிழைதான். காத்துப் பட்டுக் காறிப்போற எண்ணெய் எதுவும் அலகுக்கு ஆகாது, நல்லெண்ணெயும் அப்பிடித்தான். காறினால் பிசினாகும், அமிலமும் கூடும். தையல் மெசினுக்கு விடுற ஒயில் ஒரு துளி, விரலால இல்லாமல் துணியால, இருக்கோ இல்லையோ எண்ட அளவுக்குத் தடவினால் போதும்.

இருக்கிற கறளில சிவப்பா மேல நிக்கிறதை 1000, பிறகு 2000 அரத்தாளில ஒயில் விட்டுத் தேய்க்கலாம். அலகைப் பலகையில படுக்க வைச்சு, முதுகில இருந்து வாய்ப் பக்கமா மட்டும் தேயுங்கோ, வாய்க்கு எதிரா வந்தால் விரல் போகும். கறுத்துக் குழி விழுந்த இடம் முதுகுப் பக்கமெண்டால் விட்டிடுங்கோ, அது அழகுக் குறைதான். குழி வாயோரத்தைத் தொட்டிருந்தால்தான் பிரச்சினை. அந்த இடம் தீட்டத் தீட்டப் பொடிஞ்சு பல்லு விழும். உங்கட குதியில விழுந்த பல்லு ரெண்டும் அப்பிடி வந்ததோ எண்டு கண்ணாடியில பாருங்கோ. வெடிப்புக் கோடு ஏதும் கண்டால் அந்தக் கத்தியைப் பாவிக்காதேங்கோ.

பழசு எண்டபடியால் முகத்தில வைக்க முதல் சவர்க்காரத்தில கழுவி, 70 வீத ஸ்பிரிட்டில அலகைப் பத்து நிமிசம் நனைவா வைச்சுத் துடையுங்கோ. ஸ்பிரிட் பிடியில படக்கூடாது. கொதி தண்ணியில போடுறதும் குளோரின் ஊத்திறதும் வேண்டாம்.

இனிக் கழுத்து எரிவு. அது மூண்டாவது காரணம், கை. தாடியை ரெண்டு நாள் வளரவிட்டு விரல் நுனியால எல்லாப் பக்கமும் தடவுங்கோ. வழுக்கிற பக்கம்தான் மயிர் படிஞ்ச பக்கம். கன்னத்தில கீழ்நோக்கி இருக்கும், கழுத்தில அநேகம் பேருக்கு அப்பிடியில்லை. தொண்டைக்குழிப் பக்கம் மேல்நோக்கியோ சரிஞ்சோ போகும். கன்னத்தில இழுத்த மாதிரியே கீழ்நோக்கிக் கழுத்திலயும் இழுத்தால் அது எதிர்மயிர், முதல் வழிப்பிலயே. சிவப்புப் புள்ளி அதால.

கோணத்தைப் பாகையில யோசிக்காமல் முதுகைப் பாருங்கோ. உங்கட 16 மில்லிமீற்றர் அலகுக்கு, முதுகு தோலில இருந்து 7 மில்லிமீற்றர் உயரத்தில நிண்டால் 26 பாகை வரும். கன்னத்துக்கு அது காணும். மேலுதட்டிலயும் நாடியிலயும் இன்னும் தாழ்த்துங்கோ. படுத்துப்போனால் மயிரைப் பிடுங்கும், நிமிர்ந்துபோனால் தோலைச் சுரண்டும். பிடுங்குதோ சுரண்டுதோ எண்டதை வைச்சே எந்தப் பக்கம் திருத்த வேணும் எண்டு கண்டுபிடிக்கலாம்.

மற்றக் கை சும்மா நிக்கக்கூடாது. இந்தச் சவரத்தில பாதி வேலை அதுக்குத்தான். காதுக்கு முன்னால தோலை மேல இழுத்துப் பிடிச்சு, 2, 3 சென்ரிமீற்றர் இழுவையா வாருங்கோ. தாடையெலும்பு வந்ததும் கீழ்த் தோலைக் கன்னத்துப் பக்கம் மேல இழுத்தால் எலும்புக்கு மேல வளைவே இருக்காது. விரல் காய்ஞ்சிருக்க வேணும், ஈர விரல் வழுக்கும். பக்கத்தில ஒரு சின்னத் துவாய் வையுங்கோ. அலகை ஒருக்காலும் அதின்ர நீளவாக்கில நகர்த்தக்கூடாது. தோலை அறுக்கிறது அந்த அசைவுதான், அமத்துறதுகூட அவ்வளவு வெட்டாது.

முதல் நாலைஞ்சு தரம் ரெண்டு கன்னம் மட்டும் இதால எடுங்கோ, மிச்சத்தை வழமையான றேசரால. பிறகு கழுத்து, நாடி கடைசி. கழுத்துப் புள்ளி ஆறுமட்டும் மூண்டு நாலு நாள் அந்தப் பக்கம் கத்தியே வேண்டாம். பிறகும் படிஞ்ச பக்கமா ஒரு தரம், திருப்பி நுரை போட்டுக் குறுக்கால ஒரு தரம், அவ்வளவுதான். சுருட்டை மயிர்க்காரர் எதிர்மயிர் போனால் வெட்டின நுனி தோலுக்குள்ளயே வளைஞ்சு வளரும்.

முடிஞ்சதும் நனைச்ச சீனாக்காரக் கட்டியை ஒருக்காத் தடவி, ஒரு நிமிசத்தால கழுவுங்கோ. எரியிற இடம் எதுவோ அங்க அமத்தியிருக்கிறியள். கட்டியை வீட்டில மற்றவையோட பங்கு போட வேண்டாம்.

மொட்டைக்கத்தி எழுதியது:

விளங்குது. மார்க்கர் பூசிப் பார்த்தன், குதியிலயும் நுனியிலயும் மை அப்பிடியே நிக்குது. திருப்பி 1000இல இருந்து தொடங்கப்போறன். ரெண்டு கேள்வி: தோல்வார் பழைய இடுப்புப் பட்டி, அது சரியா? புதுப்பிடி எந்த மரத்தில?

சாணைக்கல் எழுதியது:

இடுப்புப் பட்டி அநேகமா மேல பெயின்ற் பூசினது. கத்தி வழுக்கும், ஒண்டும் நடக்காது. உள்பக்கமும் பிய்ஞ்சு பஞ்சு மாதிரி இருந்தால் வாயை மழுக்கும். வேணுமெண்டது பூச்சில்லாத தோல், 2, 3 மில்லிமீற்றர் தடிப்பு, 6 தொடக்கம் 7 சென்ரிமீற்றர் அகலம். செருப்புத் தைக்கிற இடத்தில கேட்டுப் பாருங்கோ. உள்ளங்கையைத் தேய்க்க ஒரு மெல்லிய பிடிப்பு இருக்க வேணும். கூடவே அதே அகலத்தில தடிச்ச பருத்திக் கன்வஸ் ஒரு துண்டு.

வழிக்க முதல் கன்வஸில 20, தோலில 50. போய் வந்தால் ஒண்டு எண்டு எண்ணுங்கோ. கல்லுக்கு நேர்மாறு இது: முதுகு முன்னுக்குப் போகும், வாய் பின்னால வரும். அந்தத்தில திருப்பேக்க முதுகு தோலை விடவே கூடாது, முதுகிலயே உருட்டித் திருப்ப வேணும். வாயில உருட்டினால் ஒரே தரத்தில 8000 கல்லின்ர வேலையும் போச்சு, தோலும் வெட்டு. வாரை விறைப்பா இழுத்துப் பிடியுங்கோ. தொய்ஞ்ச வார் வாயைச் சுத்திக்கொண்டு வந்து கூரை உருட்டையாக்கும். நீங்கள் 30 தரம் இழுத்தது தொய்ஞ்ச இடுப்புப் பட்டியிலயெண்டால், கல்லில வந்த கொஞ்சக் கூரும் அங்கதான் போயிருக்கும். வழிச்சு முடிய நல்ல தண்ணியில அலகைக் கழுவித் துடைச்சு, கன்வஸில பத்து இழுத்தால் வாயில நிண்ட ஈரம் போயிடும். பிறகு ஒண்டு ரெண்டு மணித்தியாலம் திறந்து வைச்சுத்தான் மடிக்க வேணும். குளியலறையில வைக்கிறதில்லை. மாரியில வாரும் பூஞ்சணம் பிடிக்கும், சுருட்டி வைக்காமல் காத்தில தொங்கவிடுங்கோ.

வடலி எழுதியது:

பிடிக்குப் பனை வைரம் (பனையின்ர முத்தின, உறுதியான மரம்) எல்லாருக்கும் ஆசை, கறுப்பு நார் ஓடி வடிவாத்தான் இருக்கும். ஆனா 3 மில்லிமீற்றருக்குச் சீவினால் நார் வழியே பிளக்கும். ஆணி ஓட்டை போடேக்கதான் அநேகமாப் போறது. கருங்காலி, பாலை எண்டால் பயமில்லை. பனைதான் வேணுமெண்டால் சீவின உடன தண்ணி மாதிரியான சுப்பர் குளுவை நாருக்குள்ள ஊறவிட்டு, ஒரு நாள் காய வைச்சு, பிறகு துளையுங்கோ. ரெண்டு துண்டையும் ஒண்டா ரேப்பால கட்டி, அடியில வேற பலகை குடுத்து, முதல் 1 மில்லிமீற்றர் ஓட்டை, பிறகு 1.6. ஆணிக்கு 1.6 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி. பழைய ஆணியை அடிச்சு எடுக்காதேங்கோ, தலையை அரத்தால தேய்ச்சுச் சமமாக்கின பிறகுதான் தள்ள வேணும், இல்லாட்டி அலகின்ர ஓட்டைப் பக்கம் வெடிக்கும். புது ஆணியின்ர தலையைத் தட்டேக்க சின்னச் சுத்தியலால, ஒரு பக்கம் நாலு தட்டு, மற்றப் பக்கம் நாலு தட்டு. ஒவ்வொரு தரமும் மடிச்சுப் பாருங்கோ. வாய் ரெண்டு பிடிக்கும் நடுவில இறங்காமல் ஒரு பக்கம் உரஞ்சினால் அங்கயே நிப்பாட்டி, மற்றப் பக்கம் தட்டித் திருத்துங்கோ.